3,500 ரூபாய் கொடுத்து ரெஸ்யூமே எழுதி வாங்கினேன்: 14 மாதம் கழித்து என் அனுபவம்

கோத்தகிரியில் ஒரு தேயிலை பேக்டரி ஆபீஸில் ஒன்பது வருடம் கணக்கு பார்த்தேன். பேக்டரியை மூடியபோது என்னிடம் இருந்தது, கல்லூரி முடித்த வருடம் டிடிபி சென்டரில் அடித்து வாங்கிய பயோடேட்டாதான். அப்பா பெயர், மதம், திருமணம் ஆனதா இல்லையா, கடைசியில் ‘மேற்கண்டவை அனைத்தும் உண்மை’ என்று ஓர் உறுதிமொழி. அதில் ஒன்பது வருட வேலையை ஒரே வரியாகச் சேர்த்து இருபது இடங்களுக்கு அனுப்பினேன். ஒரு போன்கூட வரவில்லை.

முதலில் இணையத்தில் பார்த்த ஒரு நிறுவனத்துக்கு 1,200 ரூபாய் கட்டினேன். இரண்டே நாளில் ரெஸ்யூமே வந்துவிட்டது. இடது பக்கம் நீலப் பட்டை, அதில் என் போட்டோ, டேலி என்ற கணக்கு மென்பொருள் எவ்வளவு தெரியும் என்பதற்கு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். பார்க்க அழகாக இருந்தது. வேலைவாய்ப்புத் தளத்தில் ஏற்றினால் படிவம் தானாக நிரம்பும் இல்லையா, அப்போதுதான் கோளாறு தெரிந்தது. கம்பெனி பெயர் வர வேண்டிய கட்டத்தில் என் போன் நம்பர் இருந்தது. வேலை பார்த்த வருடங்களைக் காணவே இல்லை. பெரிய கம்பெனிகள் பலவும் விண்ணப்பங்களை ஏடிஎஸ் என்ற மென்பொருள் வழியாகத்தான் வாங்குகின்றன. பக்கத்தை இரண்டாகப் பிரித்து எழுதினாலோ, கட்டங்களுக்குள்ளும் படத்துக்குள்ளும் எழுத்தை வைத்தாலோ அது பல நேரம் தடுமாறிவிடும். உங்களுடையதைச் சோதிக்க எளிய வழி உண்டு: மொத்தத்தையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே வரிசை கலைந்து வந்தால் மென்பொருளுக்கும் அப்படித் தெரிய வாய்ப்பு அதிகம்.

அப்புறம் தோழி ஒருத்தி மூலம் கோவையில் ஒரு மேடம் கிடைத்தார். எச்.ஆர். வேலையில் பல வருடம் இருந்தவர். ரெஸ்யூமேயும் இரண்டு நேர்காணல் பயிற்சியும் சேர்த்து 3,500 ரூபாய். எழுதுவதற்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் போனில் கேள்வி கேட்டார். “கணக்கு பார்த்தேன்னு சொல்லாதீங்கம்மா. காலையில உள்ளே போனதும் முதல்ல என்ன செய்வீங்க, அதைச் சொல்லுங்க” என்றார்.

சொல்லச் சொல்ல எனக்கே ஆச்சரியம். 420 சிறு விவசாயிகளின் இலை எடை, முன்பணம், மாதப் பட்டுவாடா எல்லாம் என் கையில்தான் இருந்தது. நாலு, நாலரை கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோ தூள் வர வேண்டும் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. இலை வரவையும் தூள் இருப்பையும் மாதாமாதம் ஒத்துப் பார்த்து, எங்கே குறைகிறது என்று முதலாளியிடம் சொல்வேன். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது நானே கற்றுக்கொண்டு, விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தை 11ஆம் தேதிக்குள்ளும், அந்த மாத வரியைக் கணக்குக் காட்டும் 3பி படிவத்தை 20ஆம் தேதிக்குள்ளும் தாக்கல் செய்ய எல்லாம் தயார் செய்துவிடுவேன். இதில் ஒன்றுகூட என் பயோடேட்டாவில் இல்லை. நான் இதை வேலை என்றே நினைத்ததில்லை, தினமும் செய்வதுதானே என்று விட்டுவிட்டேன். மலையில் என்னைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

குறையும் உண்டு. முதல் வரைவில் நான் வாயால் சொல்லவே முடியாத ஆங்கிலச் சொற்கள் இருந்தன. ‘ஸ்டேக்ஹோல்டர் மேனேஜ்மென்ட்’ என்று எழுதியிருந்ததை எடுக்கச் சொன்னேன், எடுத்துவிட்டார். கவரிங் லெட்டருக்குத் தனியாக 800 ரூபாய் கேட்டார். அது தேவைப்படவில்லை, நானே எழுதிக்கொண்டேன்.

நேர்காணல் பயிற்சிதான் கொடுத்த காசுக்கு முழுதாகப் பயன்பட்டது. நான் தமிழ் வழியில் படித்தவள், ஆங்கிலத்தில் பதில் சொல்ல ஆரம்பித்தால் வேகம் கூடிவிடும். ஒரே பதிலை ஆறு முறை மெதுவாகச் சொல்ல வைத்தார். ‘ஏன் வேலையை விட்டீர்கள்’ என்ற கேள்விக்கு நான் சுற்றி வளைப்பதைப் பார்த்துவிட்டு, “பேக்டரியை மூடிட்டாங்கன்னு நேரா சொல்லுங்க, அதுல உங்க தப்பு என்ன இருக்கு?” என்றார். அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வீடியோ நேர்காணல் இருந்தால் முந்தின நாள் மாலையே பஸ் ஏறி மேட்டுப்பாளையத்தில் நாத்தனார் வீட்டுக்குப் போய்விடுவேன். 33 கிலோமீட்டர்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் பக்கம் கரண்டையும் சிக்னலையும் நம்பி உட்கார முடியாது, ரோட்டில் மண் சரிந்தால் காலையில் கிளம்பவும் முடியாது.

புது ரெஸ்யூமேயை 31 இடங்களுக்கு அனுப்பினேன், ஐந்து அழைப்புகள் வந்தன. ஐந்தாவது மாதம் குன்னூரில் ஒரு தேயிலைத்தூள் பேக்கிங் கம்பெனியில் கணக்குப் பிரிவில் சேர்ந்தேன். இடையில் ஒருவர் போன் செய்து, 15,000 ரூபாய் கட்டினால் வேலை உறுதி என்றார். அப்படிக் கேட்பவர்களிடம் ஒரு பைசாகூடக் கொடுக்காதீர்கள்.

என் சித்தி மகன் இந்த வருடம்தான் டிகிரி முடித்தான். அவனும் இதே மேடத்திடம் போகிறேன் என்றான், வேண்டாம் என்றேன். அனுபவம் இல்லாதவனிடம் தோண்டி எடுக்க அவருக்கு அதிகம் இருக்காது. ஊட்டியில் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் இருக்கிறது. வழிகாட்டுதல் இலவசம், தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களும் நடத்துகிறார்கள். முதலில் அங்கே போகச் சொன்னேன்.

இப்போது மாதக் கடைசியில், அந்த மாதம் புதிதாகச் செய்ததை ஒரு வரி என் ரெஸ்யூமே கோப்பில் சேர்த்துவிடுகிறேன். மறுபடி வேலை மாற வேண்டி வந்தால் ரெஸ்யூமேக்குப் பணம் கட்ட மாட்டேன். பயிற்சிக்கு மட்டும் அவரிடமே போவேன்.