குளச்சல் உப்புக்காற்றில் ஒரு 10 கிகாபிட் கார்டு: மூன்று வருஷம் ஓட்டிய பிறகு

கம்ப்யூட்டர்களைக் கேபிளில் இணைக்கிற நெட்வொர்க் கார்டு இது. வாங்கின மறுநாளே இதை எழுதியிருந்தால் "அருமை, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்றுதான் எழுதியிருப்பேன். இப்போது மூன்று வருஷமும் சில மாதங்களும் ஓட்டியாகிவிட்டது. இடையில் ஒரு கார்டு செத்தது, ஒரு லேன் போர்ட் இடியில் போனது, நெட்வொர்க் வேலைக்காக லேத்துப் பட்டறைக்குக்கூட நடந்திருக்கிறேன். அதனால் இப்போது எழுதினால் யாருக்காவது உபயோகப்படும்.

எனக்குக் குளச்சலில் கல்யாண வீடியோ எடிட்டிங். கடலுக்கும் ரூமுக்கும் ஒரு கிலோமீட்டர்தான் இருக்கும், காற்று திரும்பினால் மீன் வாடை வரும். மூன்று கேமரா, டிரோன், முந்தின நாள் நிகழ்ச்சி, மறுவீடு என்று எல்லாம் சேர்த்தால் ஒரு கல்யாணம் 500 ஜிபியைத் தொட்டுவிடும். எடிட் செய்ய ஒரு வொர்க்ஸ்டேஷன், அதன் பக்கத்திலேயே நாலு ஹார்டு டிஸ்க் போட்டு லினக்ஸ் ஏற்றிய ஸ்டோரேஜ் பெட்டி, இரண்டுக்கும் நடுவில் சாதாரண கிகாபிட் லேன். கிகாபிட் என்றால் கணக்குப்படி நொடிக்கு 125 எம்பி, கைக்கு வருவது 110, 112. அப்படியானால் 500 ஜிபி நகர ஒன்றேகால் மணி நேரம். ஆவணி மாதம் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி இரண்டு கல்யாண ஃபுட்டேஜ் ஒன்றாக வந்து இறங்கும்போது, அந்தப் பச்சைக்கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டே மூன்று சாயா குடித்துவிடலாம்.

நாகர்கோவிலில் இரண்டு கடைகளில் கேட்டுப் பார்த்தேன். 10 கிகாபிட் என்றதும் கிகாபிட் கார்டை எடுத்து நீட்டினார்கள், அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, கேட்டு வருபவன் யார்? கடைசியில் சென்னையில் இருந்து சர்வரில் கழற்றிய பழைய கார்டு இரண்டு கொரியரில் வந்தது. சாதாரண லேன் கேபிள் மாட்டுகிற காப்பர் போர்ட் உள்ளவை. ஏற்கெனவே கேட் 6 கேபிள் கையில் இருக்கிறது, அதை மாட்டினால் முடிந்தது என்று நினைத்தேன். கேட் 6-இல் 10 கிகாபிட் 55 மீட்டர் வரை போகும், 100 மீட்டர் வேண்டுமென்றால் கேட் 6ஏ. என் கேபிள் மூன்று மீட்டர்தான், அதனால் கேபிளில் ஒரு குறையும் இல்லை.

கார்டைச் சொருகுவது அஞ்சு நிமிஷ வேலை. பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்சக் கரண்டை வடியவிட்டு, கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுவிட்டுக் கார்டைக் கையில் எடுத்தால் போதும். எந்த ஸ்லாட் என்பதில்தான் நான் ஏமாந்தேன். கீழே ஒரு நீளமான ஸ்லாட் காலியாகக் கிடந்தது, பார்க்கக் கிராபிக்ஸ் கார்டு ஸ்லாட் மாதிரியே இருக்கும். ஆனால் டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் பற்கள் மூன்றில் ஒரு பங்கு தூரத்திலேயே நின்றுவிடுகின்றன, மீதி வெறும் பிளாஸ்டிக். நீளம் 16 லேனுக்கு, கம்பி இருப்பது 4 லேனுக்கு (இந்த லேன் நெட்வொர்க் லேன் அல்ல, ஸ்லாட்டுக்குள் டேட்டா ஓடுகிற பாதை, lane). அது பரவாயில்லை, ஒரு போர்ட்டுக்கு 4 லேன் தாராளம். கார்டைச் சொருகி ஆன் செய்தால் டி டிரைவைக் காணோம். அதில்தான் மறுநாள் கொடுக்க வேண்டிய கல்யாணத்தின் பிராஜெக்ட் மொத்தமும் இருந்தது. கை நடுங்கிவிட்டது. கார்டைக் கழற்றினேன், டிரைவ் திரும்பி வந்தது. மதர்போர்டு மேனுவலை எடுத்துப் பார்த்தால் அந்த ஸ்லாட்டும், டி டிரைவ் எஸ்எஸ்டி உட்கார்ந்திருக்கும் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டும் ஒரே லேன்களைப் பங்கு போடுகின்றன, ஒன்றில் ஆள் ஏறினால் மற்றது இறங்கிவிடும் என்று ஒரு வரி, எறும்பு எழுத்தில். பிறகு கார்டைக் கிராபிக்ஸ் கார்டுக்கு அடுத்த ஸ்லாட்டுக்கு மாற்றினேன். அப்போது கிராபிக்ஸ் கார்டு 16 லேனில் இருந்து 8-க்கு இறங்கும், எடிட்டிங்கில் எனக்கு அதனால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

முதல் வாரம் சொர்க்கம். இரண்டாவது வாரத்தில் இருந்து, பெரிய காப்பி போட்டால் இருபது நிமிஷத்தில் லிங்க் அறுந்து, ஒரு நிமிஷம் கழித்துத் தானாக வரும். கேபிளை மாற்றினேன், டிரைவரை மாற்றினேன், விண்டோஸையே மாற்றலாம் என்கிற அளவுக்குப் போனேன். ஒரு நாள் கேபினெட்டைத் திறந்துவைத்து, காப்பி ஓடும்போதே கார்டின் ஹீட்சிங்க்கில் விரல் வைத்தேன், வைத்த வேகத்தில் எடுத்தேன். இந்த மாதிரி கார்டுகளில் விசிறி கிடையாது. சர்வர் பெட்டிக்குள் முன்னால் இருந்து பின்னால் ஊதித்தள்ளுகிற காற்றை நம்பித்தான் அவற்றைச் செய்திருக்கிறார்கள். அதை நம் கேபினெட்டுக்குள், சுடும் கிராபிக்ஸ் கார்டின் காலடியில் வைத்தால் அது என்ன செய்யும்? அதிலும் முறுக்குக் கம்பி வழியாக 10 கிகாபிட் தள்ள சிப் நிறைய வேலை செய்ய வேண்டும், அந்த வேலை எல்லாம் சூடாகத்தான் வெளியே வரும். 80 மில்லி விசிறி ஒன்றை டேக் போட்டுக் கட்டினேன், அறுவது நின்றது. ஆனால் அடுத்த மே மாதம், ஏசியை அணைத்துவிட்டு ராத்திரி காப்பி போட்டு வீட்டுக்குப் போய், காலையில் வந்து பார்த்தால் ஒரு போர்ட் போயிருந்தது.

அப்புறம் வாங்கியதுதான் இப்போது ஓடுகிற கார்டு. மெல்லனாக்ஸ் கனெக்ட்எக்ஸ்-3, ஒற்றை எஸ்எஃப்பி பிளஸ் போர்ட் (லேன் கேபிளுக்குப் பதில் மாட்யூல் என்கிற சின்ன உலோகச் செருகியை மாட்டுகிற போர்ட்), பழையதுதான், இரண்டு கார்டு. அந்தக் கம்பெனியை 2020-இல் என்விடியா வாங்கிவிட்டது, இந்தத் தலைமுறை கார்டுக்குப் புது டிரைவரை எதிர்பார்க்க வேண்டாம். லினக்ஸ் கெர்னலிலேயே இதற்கு டிரைவர் உண்டு, என் விண்டோஸ் 10-உம் தானாகவே கண்டுபிடித்துக்கொண்டது, நான் எதையும் தேடி ஏற்றவில்லை. இரண்டுக்கும் நடுவில் மூன்று மீட்டர் டிஏசி கேபிள், அதாவது இரண்டு முனையிலும் மாட்யூல் சேர்த்தே வருகிற தடித்த காப்பர் கேபிள். நடுவில் நெட்வொர்க் ஸ்விட்ச் (பல கேபிள்களை இணைக்கிற பெட்டி) கிடையாது, நேருக்கு நேர். சூடு? விரலை வைத்துக்கொண்டே பேசலாம். முதலிலேயே இதை வாங்கியிருந்தால் ஒரு கார்டு காசும் ஒரு மே மாதமும் மிச்சம்.

செட்டிங்கில் மூன்று விஷயம் சொல்கிறேன், மீதியைத் தொட வேண்டியதில்லை. ஐபி கைப்பட போட வேண்டும், நடுவில் ரவுட்டர் இல்லாததால் தானாக எதுவும் வராது. ஒரு பக்கம் 10.10.10.1, மறுபக்கம் 10.10.10.2, மாஸ்க் 255.255.255.0, கேட்வே பெட்டியைக் காலியாக விடுங்கள். அதில் எதையாவது எழுதினால் இன்டர்நெட் இந்த வழியாகப் போகப் பார்த்து முட்டி நிற்கும். இரண்டாவது, கேட்வே இல்லாத இந்த இணைப்பை விண்டோஸ் அடையாளம் தெரியாத நெட்வொர்க் என்று சொல்லி பப்ளிக் கணக்கில் வைக்கும், அப்போது விண்டோஸ் பக்கம் ஷேர் செய்த ஃபோல்டர் எதுவும் மறுபக்கம் தெரியாது. பவர்ஷெல்லில் அதைப் பிரைவேட் ஆக்கினேன். மூன்றாவதில்தான் நான் அரை நாளைத் தொலைத்தேன். எல்லாம் செய்தும் காப்பி அதே 112-இல் நின்றது. ஸ்டோரேஜ் பெட்டியை முன்பு விண்டோஸில் ஒரு டிரைவ் மாதிரி, பெயர் சொல்லி மேப் செய்திருந்தேன், அந்தப் பெயர் பழைய கிகாபிட் முகவரியைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. புது ரோடு போட்ட பிறகும் பஸ் பழைய ரோட்டிலேயே போன கதை. மேப்பை எடுத்துவிட்டு 10.10.10.2 என்று போட்டதும் சரியானது.

ஜம்போ ஃப்ரேமைப் பற்றி, அதாவது டேட்டாவைப் பெரிய பொட்டலங்களாக அனுப்புவதைப் பற்றி, ஆளாளுக்குப் பேசுவார்கள். நெட்வொர்க் வேகத்தை அளக்கிற ஐபெர்ஃப்3 வைத்துப் பார்த்தேன். எம்டியூ, அதாவது பொட்டல அளவு, 1500 பைட்டில் நாலு ஸ்ட்ரீம் போட்டால் 9.4 கிகாபிட், 9000-இல் 9.9. அவ்வளவுதான் வித்தியாசம். உண்மையான காப்பி முதல் சில நொடி, நொடிக்கு 1 ஜிபியைத் தொட்டுவிட்டு, மறுபக்க ரேம் நிரம்பியதும் 450 எம்பிக்கு இறங்கிவிடும். அதற்கு மேல் என் ஹார்டு டிஸ்க்குகளால் எழுத முடியாது. ஆக 75 நிமிஷம் 19 நிமிஷமாகியிருக்கிறது. பத்து மடங்கு என்று நம்பி வாங்காதீர்கள், டிஸ்க் எவ்வளவோ அவ்வளவுதான்.

எட்டு மாதம் ஒரு தொல்லையும் இல்லை. பிறகு ஒரு நாள் காப்பி கொஞ்சம் நொண்டுகிற மாதிரி இருந்தது, ஐபெர்ஃப் போட்டால் 3.2 கிகாபிட், எத்தனை தடவை போட்டாலும் அதே 3.2. கெட்டுப்போன பொருள் இப்படி ஒழுங்காக ஒரே எண்ணில் நிற்காதே என்று சந்தேகம் வந்தது. லினக்ஸ் பெட்டியில் எல்எஸ்பிசிஐ கட்டளையில் கார்டின் லிங்க் நிலையைப் பார்த்தேன், அகலம் 4 லேன் இருக்க வேண்டிய இடத்தில் 1 என்று காட்டியது. அந்தப் பெட்டியின் போர்டு பழசு, அதன் ஸ்லாட் பிசிஐஇ 2.0 ரகம், ஒரு லேனுக்கு நொடிக்கு 500 எம்பி, அதாவது 4 கிகாபிட். அதில் ஓவர்ஹெட் போக 3.2 கிகாபிட் சரியாக வருகிறது. கேபினெட்டைத் திறந்தால் கார்டு ஒரு நூல் அளவு சாய்ந்து நிற்கிறது.

காரணம் நான்தான். கார்டைக் கேபினெட்டோடு ஸ்க்ரூ போட்டுப் பிடிக்க ஒரு தகடு உண்டு. பழைய கார்டுகள் பல சமயம் குட்டைத் தகட்டோடு வரும், நம் கேபினெட்டுக்கு நீளத் தகடு வேண்டும். வொர்க்ஸ்டேஷன் பக்கத்துக் கார்டுக்கு நீளத் தகடு கிடைத்தது. இந்தப் பக்கம் கிடைக்காததால் தகட்டைக் கழற்றிவிட்டுக் கார்டை வெறுமனே ஸ்லாட்டில் நிறுத்தி வைத்திருந்தேன். டிஏசி கேபிள் சாதாரண லேன் கேபிள் மாதிரி குழைந்து கிடக்காது, கனமாக, விறைப்பாக இருக்கும். மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இழுத்துக் கார்டைச் சாய்த்துவிட்டது. மறுபக்கத்துத் தகட்டை மாதிரிக்கு எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்து லேத்துப் பட்டறைக்குப் போனேன். அங்கே உள்ள மாமா கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்ன சாமான் மக்கா, ரேடியோவுக்குள்ளதா?" என்றார். "கம்ப்யூட்டருக்கு மாமா, ஆடாம நிக்கணும், அவ்வளவுதான்" என்றேன். அலுமினியத் தகட்டை வெட்டி, மடக்கி, போர்ட்டுக்கு ஓட்டை போட்டு, கூர் விளிம்பை அரத்தால் ராவியும் கொடுத்தார். நூறு ரூபாய். அன்றைக்கு மாட்டியது, இன்று வரை 4 லேன்தான்.

அப்போதே கார்டின் பற்களையும் துடைத்தேன். நம்மூரில் ரேமையும் கார்டையும் பென்சில் ரப்பரால் தேய்ப்பதுதான் வைத்தியம், நானும் பல வருஷம் தேய்த்தவன். தங்கப் பூச்சு ரொம்ப மெல்லியது, ரப்பர் அதைத்தான் முதலில் தின்னும். இப்போது ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியோடு சரி.

உப்புக்காற்று என்ன செய்தது என்று கேட்பீர்கள். கார்டின் சிப்புக்கோ பற்களுக்கோ ஒன்றும் இல்லை. வொர்க்ஸ்டேஷன் பக்கத்துக் கார்டின் இரும்புத் தகடு ஓரத்தில் துரு ஏறியிருக்கிறது, ஸ்க்ரூ தலையும் அப்படியே, பட்டறைத் தகடு மட்டும் பளபளவென்று இருக்கிறது. காலியாக இருக்கும் போர்ட்டுக்கு ரப்பர் மூடி போட்டு வையுங்கள்.

பெரிய அடி மழைக்காலத்தில் வந்தது. நமக்கு ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை, ஐப்பசி மழை இடியோடுதான் வரும். மாடியில் தம்பி ஆல்பம் டிசைன் செய்கிறான், அவன் மெஷினுக்கு மொட்டை மாடி வழியாகச் சாதாரண கேட் 6 கேபிள் போட்டிருந்தேன். ஒரு சாயங்காலம் பக்கத்தில் எங்கோ இடி விழுந்தது, வீட்டில் பல்புகூடப் போகவில்லை, ஆனால் அந்தக் கேபிள் வந்து சேர்ந்த ஸ்விட்சும், அதில் மாட்டியிருந்த என் மதர்போர்டு லேன் போர்ட்டும் ஊமையாகிவிட்டன. வெட்டவெளியில் கிடக்கும் நீளமான காப்பர் கம்பிக்கு மின்னல் நேராக விழ வேண்டிய அவசியமே இல்லை, பக்கத்தில் விழுந்தாலே கம்பியில் மின்னழுத்தம் தூண்டப்பட்டுப் பாய்ந்துவிடும். டிஏசி பக்கத்துக்கு ஒரு கீறலும் இல்லை. இரண்டு பெட்டியும் ஒரே யுபிஎஸ்ஸில், கேபிள் அறையை விட்டு வெளியே போவதும் இல்லை.

செத்த போர்ட்டுக்குப் பதிலாக ஒரு 2.5 கிகாபிட் கார்டு போட்டேன், ரியல்டெக் 8125 சிப் உள்ள சின்னக் கார்டு. அதற்கு 1 லேன் ஸ்லாட் போதும், பழைய கேட் 5இ கேபிளிலேயே 100 மீட்டர் ஓடும், நொடிக்கு 280 எம்பி கிடைக்கும். உண்மையைச் சொன்னால் என்னிடம் யோசனை கேட்கிற ஸ்டுடியோக்காரர்களில் பெரும்பாலோருக்கு நான் இதைத்தான் சொல்கிறேன். உங்கள் ஸ்டோரேஜில் ஒன்றோ இரண்டோ ஹார்டு டிஸ்க்தான் இருக்கிறது என்றால் அவை எழுதுவதே அந்த அளவுதான், 10 கிகாபிட் கார்டு வாங்கி அது சும்மா உட்கார்ந்திருப்பதில் என்ன லாபம்? நாலு டிஸ்க்கோ அதற்கு மேலோ, அல்லது எஸ்எஸ்டியில் ஸ்டோரேஜ், பெட்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் என்றால் எஸ்எஃப்பி பிளஸ் கார்டும் டிஏசியும் வாங்குங்கள். சில கம்பெனி கார்டுகள் தங்கள் அடையாளக் குறியீடு (code) பதிந்த மாட்யூலை மட்டும்தான் ஏற்கும், விற்பவரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், தகடு நீளமா குட்டையா என்பதையும் சேர்த்து.

மாடிக்கு இப்போதைக்கு வைஃபைதான், தம்பி தினமும் திட்டுகிறான். ஃபைபர் கேபிள் ரோல் வாங்கி வைத்தாயிற்று, கண்ணாடி என்பதால் இடிக்குப் பயமில்லை, ஓஎம்3 ரக ஃபைபர் என்பதால் 10 கிகாபிட்டே 300 மீட்டர் வரை தாங்கும். மொட்டை மாடியில் பைப்பு போட வேண்டும், மழை விடட்டும் என்று காத்திருக்கிறோம்.