டிரம்பெட்டுக்கு மாற்றி எழுதித் தரும் இசைக்கடை: என் அனுபவம்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் மாடியில் இருக்கிற சின்னக் கடை, படி ஏறவே மூச்சு வாங்கும். மகன் பள்ளி பேண்டில் டிரம்பெட் வாசிக்கிறான், மேடையில் தனியாக வாசிக்க ஒன்று வேண்டும். எல்லாரும் வாசிக்கிற இசையமைப்பாளர் ஹைடனின் 1796 கான்செர்ட்டோ (தனி வாத்தியமும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கிற படைப்பு) வேண்டாம் என்று, ஒரு வயலின் இசைத்தாளைத் தூக்கிக்கொண்டு போனான். கடைக்கார ஐயா பார்த்துவிட்டு, "தம்பி, வில்லுக்கு மூச்சு வேண்டாம், உனக்கு வேண்டுமே, இதில் எங்கே விடுவே?" என்று கேட்டார். பையன் திருதிருவென்று முழித்தான்.

அப்புறம் அவரே எடுத்துக் கொடுத்தது ரஷ்ய இசையமைப்பாளர் ரக்மானினோவின் 'வோகலீஸ்' என்ற பாட்டு. குரலுக்கு எழுதியது, ஆனால் சொற்களே கிடையாது, அதனால் டிரம்பெட்டுக்கு வரும்போது பாட்டு ஒன்றையும் இழப்பதில்லை, பாடுகிறவரும் மூச்சு விட்டுத்தானே ஆகணும். நீளமான வரிகள்தான், உதடு சோர்ந்துபோகிறது, இடையில் பியானோவுக்கு நாலு வரி விட்டுக் கொடுக்கச் சொன்னார். நல்ல யோசனை.

குறை ஒன்று. மகன் வாசிக்கிற பி ஃபிளாட் வகை டிரம்பெட் எழுதியதைவிட ஒரு முழு சுரம் கீழே ஒலிக்கும், தாளில் அவ்வளவு ஏற்றி எழுதணும். முதல் தாளில் மறந்துவிட்டார்கள், பியானோவோடு சேர்ந்தபோது நாராசம்! மறுபடி இலவசமாக எழுதிக் கொடுத்தார்கள். 40 வெள்ளி (ரிங்கிட்), சரி, பரவாயில்லை.