சேட்டிலைட்டுக்குப் போறதா, லோக்கல் கேபிள்லயே இருக்குறதா? நான் போட்டுப் பாத்த கணக்கு

மூணு மாசத்துக்கு முன்னாடி எங்க ஊர் ரியல் எஸ்டேட்காரர் ஒருத்தர் ஆபீஸுக்கு வந்து, "தம்பி, இந்த லோக்கல் சேனலை இன்னும் எத்தனை நாளைக்கு உருட்டுவீங்க, நான் பணம் போடுறேன், சேட்டிலைட்டுக்குப் போயிடலாம், டிஆர்பில பேரு வந்துட்டா விளம்பரம் தானா தேடி வரும்"னு சொல்லிட்டுப் போனாரு. ஒரு வாரம் தூக்கமே வரல. தஞ்சாவூர் மாவட்டத்துல ஒரு தாலுகா டவுன், 14 வருஷமா கேபிள் சேனல், ரெண்டு கேமரா, நாலு பசங்க, ரைஸ் மில் மாடில ஒரு ரூம், அவ்வளவுதான் நம்ம சாம்ராஜ்யம், சேட்டிலைட்னு ஒருத்தர் வாயால கேட்டா ஆசை வராம இருக்குமா. கடைசில வேண்டாம்னு சொல்லிட்டேன். அதனால இதை நடுநிலையான அலசல்னு யாரும் நம்ப வேண்டாம், நான் எந்தப் பக்கம்னு முன்னாடியே சொல்லிட்டேன்.

இந்தப் பேச்சு வந்தாலே எல்லாரும் பாலிமர் டிவியத்தான் இழுப்பாங்க. சேலத்துல கேபிள் சேனலா இருந்து 2009ல சேட்டிலைட்டுக்கு வந்து ஜெயிச்சாங்க, உண்மைதான். ஆனா அப்போ அவங்களுக்குக் கை கொடுத்தது இந்தி சீரியலை டப் பண்ணிப் போட்டது. சொந்தமா ஒரு சீரியல் எடுக்குற செலவுக்கு முன்னாடி அது ஒண்ணுமே இல்ல, ஜனங்களும் விரும்பிப் பாத்தாங்க. இப்போ அந்த வழில பாதி அடைச்சாச்சு, இந்தில பெரிய ஆளுங்க தமிழ்லயே கடை போட்டுட்டாங்க, ஜீ தமிழ் 2008லயே வந்துடுச்சு, கலர்ஸ் தமிழ் 2018ல வந்துச்சு, அவங்க நல்ல சரக்கை அவங்க வீட்டுக்குத்தான் எடுத்துட்டுப் போவாங்க, நமக்கா தருவாங்க.

லைசென்ஸ், கேமரா, ஸ்டுடியோ பத்தி ரொம்ப பேச ஒண்ணும் இல்ல. செய்தி இல்லாத சேனல்னா கம்பெனியோட நிகர மதிப்பு 5 கோடி காட்டணும், செய்தி சேனல்னா 20 கோடி. அதோட உள்துறை கிளியரன்ஸ், டெலிபோர்ட் (சேனலை சேட்டிலைட்டுக்கு ஏத்துற தரை நிலையம்), டிரான்ஸ்பாண்டர் (சேட்டிலைட்ல நம்ம சேனலைச் சுமக்குற கருவி) வாடகை. பணம் இருக்குறவனுக்கு இதெல்லாம் ஒரு தடவை தாண்டுற வேலி, நம்ம ரியல் எஸ்டேட்காரரும் தாண்டிடுவாரு. சேனல் வானத்துக்குப் போன அடுத்த மாசத்துல இருந்துதான் கதையே ஆரம்பிக்குது.

கேரியேஜ். இந்த ஒரு வார்த்தைலதான் என் முடிவு மொத்தமும் இருக்கு. சேட்டிலைட்ல ஏறிட்டா வீட்டுக்கு வீடு தெரியும்னு நிறைய பேரு நினைக்கிறாங்க, தெரியாது, கேபிள்காரனும் டிடிஎச்காரனும் எடுத்துப் போட்டாத்தான் தெரியும், அதுக்கு நாமதான் அவங்களுக்கு மாசாமாசம் காசு கட்டணும், அந்தக் காசுக்குப் பேருதான் கேரியேஜ். கேபிள், டிடிஎச்சுக்கு விதி போடுற டிராய் ஆணையத்தோட 2017 விதிப்படி ஒரு எஸ்டி சேனலுக்கு (எச்டி இல்லாத சாதாரண சேனல்) ஒரு செட்டாப் பாக்ஸுக்கு மாசம் 20 பைசா வரைக்கும் வாங்கலாம்னு இருந்துச்சு. 20 பைசாதானேன்னு சிரிப்பு வரும். 10 லட்சம் பாக்ஸ் வச்சிருக்குற ஒரு நெட்வொர்க்குக்கு, அதாவது ஒரு கேபிள் கம்பெனிக்கு, அது மாசம் 2 லட்சம். எல்லா நெட்வொர்க்கும் சேத்து ஒரு கோடி பாக்ஸ்ல தெரியணும்னு வச்சுக்குவோம், முழு ரேட்டுக்கு மாசம் 20 லட்சம், வருஷத்துக்கு 2 கோடியே 40 லட்சம், இதுக்கு மேல ஜிஎஸ்டி. 2020ல ஒரு நெட்வொர்க் ஒரு சேனல்கிட்ட மாசம் 4 லட்சத்துக்கு மேல வாங்கக்கூடாதுன்னு டிராய் உச்சவரம்பு போட்டாங்க, நல்ல விஷயம்தான், ஆனா அது பத்து பதினைஞ்சு லட்சம் பாக்ஸ் உள்ள ஆளுகிட்ட நமக்கு ஒரு உதவியும் பண்ணாது, கணக்குப் போட்டுப் பாருங்க.

அந்த 2017 விதில இன்னொண்ணும் இருந்துச்சு, சந்தாதாரர்கள்ல 20 சதவீதத்துக்கு மேல அந்த சேனலை எடுத்திருந்தா கேரியேஜே கட்ட வேண்டாம்னு. கேக்க நல்லாத்தான் இருக்கு. புது சேனலை யாரு தேடிப் போய் எடுப்பா? அடிப்படை பேக்ல சேத்து விட்டாத்தான் அந்த 20 வரும், பேக்ல சேக்கணும்னா பிளேஸ்மென்ட், மார்க்கெட்டிங்னு வேற பேர்ல ஒரு பேச்சு ஆரம்பிக்கும். அதுவும் முடிஞ்சா லேண்டிங் பேஜ், அதாவது பாக்ஸை ஆன் பண்ணதும் முதல்ல வந்து நிக்குற சேனல். ரிமோட்டைத் தேடி எடுக்குற வரைக்கும் ஓடுறதும் பாத்த மாதிரி ஆயிடும்ங்கிற ஆசைதான் அதுல உள்ள சூட்சுமம். டிராய் 2018 கடைசில இதுக்குத் தடை போட்டுப் பாத்தாங்க, 2019ல டிடிசாட்ங்கிற தொலைத்தொடர்புத் தீர்ப்பாயம் அதை ரத்து பண்ணிடுச்சு. அந்த இடத்துக்குப் பெரிய சேனல்கள் ஏலம் கேக்குற மாதிரி போட்டி போடும்போது நாம எங்க நிக்குறது.

முக்கியமா, இந்தக் காசு மழை பெஞ்சாலும் வெயில் அடிச்சாலும் போய்க்கிட்டே இருக்கும். விளம்பரம் ஆடி மாசம் கொட்டும், தீபாவளிக்குக் கொட்டும், மார்கழில வத்தும். ஆறு லட்ச ரூபா கேமரா வாங்கினா அது ஆறு வருஷம் கிடக்கும், கேரியேஜ் ஒரு மாசம் கட்டலன்னா சேனல் இருட்டு. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் ஒரு சின்ன சேட்டிலைட் சேனல்ல கொஞ்ச நாள் மேனேஜரா இருந்தாரு. கேரியேஜ் கட்டுறதுக்காக ஸ்லாட் விக்க ஆரம்பிச்சாங்களாம், காலைல ராசிக்கல், அப்புறம் சித்த வைத்தியர், மத்தியானம் டெலிஷாப்பிங், ராத்திரி ஜெபம், கடைசில சேனலோட சொந்த நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம்தான் மிச்சம். "நாங்க சேனல் நடத்தலைங்க, லாட்ஜ் நடத்துனோம், ரூம் வாடகைக்கு விட்ட மாதிரி"ன்னு அவரே சொல்லிச் சிரிப்பாரு.

சரி, இவ்வளவும் கட்டினா டிஆர்பி வருமா? டிஆர்பி கணக்கு எடுக்குற பார்க் (BARC) அமைப்போட மீட்டர் நாடு முழுக்க கிட்டத்தட்ட 58,000 வீட்டுல இருக்கு, டிவி வீடு சுமார் 23 கோடி. வகுத்தா நாலாயிரம் வீட்டுக்கு ஒரு மீட்டர். எங்க கேபிள் போற ஏரியால 30,000 கனெக்‌ஷன்னு சொல்லுவாங்க, அந்தக் கணக்குல ஏழெட்டு மீட்டர் வரும், அதுவும் இருந்தா. எங்க ஊர்க் கோயில் தேருக்கு ஊரே டிவி முன்னாடி உக்காந்தாலும் அந்த ஏழு வீட்ல ரெண்டு வீடு கல்யாணத்துக்குப் போயிருந்தா வியாழக்கிழமை வர்ற ரேட்டிங் சீட்டுல நம்ம கதை கந்தல். பார்க் மேல குத்தம் சொல்லல, பெரிய சேனலுக்கும் பெரிய கம்பெனிக்கும் நடுவுல அது பொதுத் தராசு, லாரி எடை போடுற எடைமேடைல கொத்தமல்லிக் கட்டை வச்சா முள்ளு அசையாது. நியூஸ் சேனல் ரேட்டிங்கையே 2020 அக்டோபர்ல இருந்து 2022 மார்ச் வரைக்கும் நிறுத்தி வச்சாங்க, அப்பவும் நியூஸ் சேனல்ல விளம்பரம் ஓடிக்கிட்டுத்தானே இருந்துச்சு.

ரேட்டிங் இல்லாமலும் ஓட்ட முடியும்ங்கிறதுக்கு ஒரு உதாரணம், அமெரிக்கால தி சிடபிள்யூன்னு ஒரு டிவி நெட்வொர்க். டபிள்யூபி, யூபிஎன்னு ரெண்டு சின்ன நெட்வொர்க் 1995ல தொடங்கி, தாக்குப் பிடிக்க முடியாம 2006ல மூடி, அதுல இருந்து இது வந்துச்சு. பெரிய நெட்வொர்க் பக்கத்துல வச்சா ரேட்டிங் பரிதாபமா இருக்கும், ஆனா வருஷக்கணக்கா ஓடுச்சு, ஏன்னா அதோட முதலாளிங்க சிபிஎஸ்ஸும் வார்னரும்தான், அந்தத் தொடர்களைத் தயாரிக்கிறதும் அவங்கதான், நெட்ஃபிளிக்ஸுக்கும் வெளிநாட்டுக்கும் வித்து காசு பாத்தாங்க. நெட்ஃபிளிக்ஸ் ஒப்பந்தம் 2019ல புதுப்பிக்காம போச்சு, 2022ல நெக்ஸ்டார்னு ஒரு கம்பெனிக்கு 75 சதவீதத்தை வித்துட்டாங்க. ரேட்டிங்ல கடைசி பெஞ்சா இருந்தாலும் வேற வாசல்ல காசு வந்த வரைக்கும் வண்டி ஓடுச்சு, அந்த வாசல் சாத்துனதும் திணறிடுச்சு. எனக்கு இது பிடிச்சிருக்கு, நம்ம அளவுக்கு ஒரு வாசல் கிடைக்குமான்னுதான் நானும் தேடுனேன்.

அந்த வாசல் எங்க ஊர் நகைக்கடைல கிடைச்சுது. கடைக்காரர் நம்மகிட்ட எட்டு வருஷமா விளம்பரம் குடுக்குறாரு, போன ஆடிக்கு "இந்தத் தடவை வேண்டாம் தம்பி, எவன் கேபிள் பாக்குறான்"னு கையை விரிச்சுட்டாரு. அண்ணே ஒரு பத்து நாள் டைம் குடுங்கன்னு கேட்டு, "சேனல்ல பாத்தேன்னு சொன்னா செய்கூலில ஒரு சதவீதம் குறைப்பு"ன்னு ஒரே ஒரு வரி போட்டோம், வேற எந்த நோட்டீஸ்லயும் அது கிடையாது. கல்லாப் பக்கத்துல ஒரு நாப்பது பக்க நோட்டு, பென்சில நூல்ல கட்டித் தொங்கவிட்டு, சொல்ற ஒவ்வொருத்தருக்கும் ஒரு கோடு. பத்தாம் நாள் போனா ரெண்டு பக்கம் ரொம்பி மூணாவதுல பாதி வந்திருச்சு. அவரு எண்ணக்கூட இல்ல, பக்கத்தைப் புரட்டிப் பாத்துட்டு தீபாவளி வரைக்கும் செக் எழுதிட்டாரு. மும்பைல இருக்குற ஏஜென்சிக்கு அந்த நோட்டு குப்பை, எனக்கும் அவருக்கும் அதுதான் டிஆர்பி.

இது மாதிரி காசு சின்னச் சின்னதா வரும். கண்ணீர் அஞ்சலி, பொறந்தநாள் வாழ்த்து, மஞ்சள் நீராட்டு, ஸ்கூல் ஆண்டு விழா, கும்பாபிஷேக நேரலை. அஞ்சலி கார்டு போடுற நேரத்தை மாத்தக்கூடாது, ராத்திரி ஏழே முக்காலுக்குன்னா ஏழே முக்கால்தான், ஒரு நாள் பத்து நிமிஷம் தள்ளிப் போச்சுன்னு அந்த வீட்டுக்காரங்க நேர்ல வந்து சத்தம் போட்டாங்க. சேட்டிலைட்ல இதைப் போட முடியாது, திருநெல்வேலிக்காரனுக்கு எங்க ஊர் பெரியவர் போனது எதுக்கு.

லோக்கல்ல பிரச்னையே இல்லன்னு சொன்னா பொய். 2022 நவம்பர்ல வந்த விதிப்படி எங்களை மாதிரி லோக்கல் சேனல் எல்லாம் பிளாட்ஃபார்ம் சர்வீஸ், அதாவது ஒரு கேபிள் நெட்வொர்க் தன் பாக்ஸ்ல மட்டும் போடுற சேனல், பதிவுக் கட்டணம் சேனலுக்கு வெறும் 1,000 ரூபாதான், ஆனா பதிவு நெட்வொர்க்காரர் பேர்ல, நாம அவருக்குள்ள இருக்குற குடித்தனக்காரன். ஒரு நெட்வொர்க்ல போறதை இன்னொரு நெட்வொர்க்குக்குக் குடுக்க முடியாது, கோயில் நேரலை மாதிரி சிலதுக்குத்தான் விலக்கு. அவரு கோவப்பட்டா நம்ம சேனல் நம்பர் எங்கயோ கடைசில போய் ஒளிஞ்சுக்கும்.

அதுக்குத்தான் பக்கத்துலயே யூடியூப். தனியா யூடியூப் மட்டும் போதுமான்னு கேட்டா, நம்ம ஊர் அளவுக்குப் போதாது. ஆயிரம் சப்ஸ்கிரைபர், நாலாயிரம் மணி நேரம் தாண்டுறது கஷ்டமில்ல, விளம்பரக் காசுல 55 சதவீதம் தர்றாங்க, ஆனா வர்ற மொத்தமே கரண்ட் பில்லுக்குத்தான் சரியா இருக்கு. போன வருஷம் தேரை மூணு மணி நேரம் லைவ் போட்டோம், சிங்கப்பூர், துபாய்னு நம்ம ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் கமென்ட்ல "எங்க தெரு வந்தாச்சா"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. தேர் மேலவீதி திரும்புற இடத்துல டீக்கடை மைக் செட்ல பழைய சினிமாப் பாட்டு, நாலு நிமிஷம் கேமராவுல அப்படியே ஏறிடுச்சு. மறுநாள் காப்பிரைட் கிளெய்ம், அந்த வீடியோ காசு பாட்டுக்காரங்களுக்கு. இந்த வருஷம் டீக்கடைக்காரர்கிட்ட முன்கூட்டியே போய் நாதஸ்வரம் போடச் சொல்லிட்டேன், அதையும் எவனாவது ரெக்கார்டுன்னு கிளெய்ம் பண்ணுவானோன்னு பயம்தான். ஆனா வெளிநாட்டுல இருக்குறவங்க அங்க பாத்துட்டு ஊர்ல இருக்குற அம்மா அப்பா அறுபதாம் கல்யாணத்துக்கு நம்மள புக் பண்றாங்க, யூடியூப்ல எனக்கு உண்மையான வருமானம் அதுதான்.

ஒண்ணு ரெண்டு விஷயத்துல என் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வச்சுக் கேளுங்க. சேட்டிலைட் சேனலை நான் நடத்துனது இல்ல, சொன்னதெல்லாம் விதியைப் படிச்சதும் அந்த மேனேஜர் சொன்னதும்தான். தூர்தர்ஷனோட இலவச டிடிஎச்சான டிடி ஃப்ரீ டிஷ் பக்கம் எனக்கு அனுபவமே இல்ல, அங்க ஸ்லாட் ஏலமே கோடிக்கணக்குல போகுது. பெரிய படக் கம்பெனியோ அரசியல் கட்சியோ பின்னாடி இருந்தா கேரியேஜ் கணக்கே வேற, அவங்களுக்கு லாபம் வேற இடத்துல வரும். கேபிள் கனெக்‌ஷன் குறையுறதும் கண்ணுல தெரியுது, எங்க தெருலயே ஆறு வீடு ஃபைபர் போட்டுட்டு கேபிளை வெட்டிட்டாங்க, அஞ்சு வருஷம் கழிச்சு இந்த 30,000 எவ்வளவா இருக்கும்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது.

ரியல் எஸ்டேட்காரர்கிட்ட கேரியேஜ் கணக்கை ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்தேன். ரெண்டு தடவை பாத்துட்டு மடிச்சுச் சட்டைப் பைல வச்சுக்கிட்டாரு. இப்போதைக்கு அவரோட புது நகர் பிளாட்டுக்கு வாரம் மூணு நாள் ஸ்க்ரோல் போகுது, அட்வான்ஸ் குடுத்துட்டாரு, அவருக்கும் ஒரு நோட்டு வாங்கிக் குடுத்திருக்கேன்.