தர்மபுரி தண்ணிக்கு எந்த ஹைட்ரோபோனிக் டிரிப் ஒத்து வரும்? நாலு செட்டப் ஒரு அலசல்

வீட்டுக்குள்ள மண்ணு இல்லாம செடி வளக்கணும், அதுலயும் சொட்டு சொட்டா தண்ணி விடற டிரிப் முறைதான் வேணும்னு முடிவு பண்ணவங்க முதல்ல கேக்கறது எந்த கிட் வாங்கலாம்னுதான். கிட் அப்புறம், முதல்ல உங்க வீட்டு குழாயில என்ன தண்ணி வருதுன்னு பாருங்க. வெளியூர்ல இருந்து வீடியோ போடறவங்க ஆர்ஓ தண்ணியில உரம் கலக்கி காட்டறாங்க, அவங்களுக்கு எந்த செட்டப் வச்சாலும் ஓடும். நம்ம தர்மபுரி, காரிமங்கலம், பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் போர் தண்ணியோட கதை வேற. ஃபுளோரைடு பிரச்சனைக்காகவே ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் திட்டத்த கொண்டு வந்து 2013ல தொடங்கி வச்சாங்க, அது எல்லாருக்கும் தெரியும். ஆனா டிரிப் வைக்கறவங்களுக்கு அதவிட பெரிய தலைவலி தண்ணியோட கடினத்தன்மை. பக்கெட் ஓரத்துல வெள்ளையா படியுதே அந்த உப்பு.

தண்ணியில கரைஞ்ச உப்ப அளக்கற டிடிஎஸ் மீட்டர் ஒண்ணு வாங்கி குழாய் தண்ணியில வச்சு பாருங்க. 900 காட்டுதுன்னு வைங்க. உரக்காரங்க பேசறது ஈசி கணக்குல, அதாவது தண்ணி எவ்ளோ கரன்ட் கடத்துதுங்கற அளவு. நிறைய மீட்டர் ஒரு ஈசிக்கு 500னு கணக்கு போடுது, அப்படின்னா 900ங்கறது ஈசி 1.8. லெட்டூஸுக்கு (சாலட்ல போடற கீரை) உரம் எல்லாம் சேத்தே மொத்தம் 1.2ல இருந்து 1.8 வரைதான் தாங்கும். அதாவது ஒரு சொட்டு உரம் போடறதுக்கு முன்னாடியே இடம் ஃபுல். அந்த 1.8லயும் செடிக்கு வேண்டிய தழை மணி சாம்பல் பெரிசா கிடையாது, சுண்ணாம்பும் சோடியமும் பைகார்பனேட்டும்தான். தக்காளி, குடைமிளகாய் மாதிரி பெரிய செடி 2ல இருந்து 3 வரை தாங்கும், அதுக்கு கொஞ்சம் இடம் இருக்கு. இத மனசுல வச்சுக்கிட்டு நாலு செட்டப்பையும் பாத்தா எது நிக்கும் எது நிக்காதுன்னு புரிஞ்சிரும்.

முதல்ல மோட்டாரே இல்லாத கிராவிட்டி டிரிப். மேல ஒரு கேன், கீழ தொட்டி, நடுவுல டியூப், சில பேர் மெடிக்கல்ல கிடைக்கற குளுக்கோஸ் செட்டையே மாட்டிடறாங்க. அது நல்ல யோசனைதான், அந்த செட்டுல பொதுவா 20 சொட்டு சேர்ந்தா ஒரு மில்லி, நிமிஷத்துக்கு 20 சொட்டு விட்டா ஒரு மணி நேரத்துக்கு 60 மில்லி, நாள் முழுக்க ஓடினா ஒன்றரை லிட்டருக்கு பக்கம். கரன்ட் வேணாம், செலவு ரொம்ப கம்மி. ஆனா கேன்ல தண்ணி இறங்க இறங்க சொட்டு வேகம் குறையும், உப்பு தண்ணின்னா அந்த சின்ன ஓட்டை சீக்கிரம் அடைச்சுக்கும், டியூப் கண்ணாடி மாதிரி இருக்கறதால வெளிச்சம் பட்டு உள்ள பாசி பிடிக்கும். முக்கியமா ராத்திரி பகல் நிக்காம சொட்டிக்கிட்டே இருந்தா வேருக்கு காத்து கிடைக்காது. ஒரே ஒரு செடி வச்சு பாக்கணும்னு ஆசைப்படற பிள்ளைங்களுக்கு இது ரொம்ப சரி. நாலு செடிக்கு மேல போனா ஒவ்வொரு டியூப்பையும் தினமும் திருகிக்கிட்டே இருக்கணும், அதுக்கு கையால ஊத்திட்டு போயிரலாம்.

ரெண்டாவது ஏர் பம்ப் வச்ச ரிங் டிரிப். ஒரு பக்கெட், அதுக்குள்ள இன்னொரு தொட்டி, மீன் தொட்டிக்கு வைக்கற காத்து மோட்டார் குமிழி விட்டு தண்ணிய மேல தள்ளும், அது வளையத்துல இருக்கற ஓட்டை வழியா செடிய சுத்தி சொட்டும். பாக்க அழகா இருக்கு, வேருக்கு ஆக்சிஜனும் நல்லா கிடைக்குது. வளையத்து ஓட்டையில உப்பு படிஞ்சு பாதி பக்கம் மட்டும் சொட்டறது ஒரு குறை, அத ஊசி விட்டு எடுத்துரலாம். ஏப்ரல் மே மாசத்துல அந்த மோட்டார் அறையில இருக்கற சூடான காத்தத்தான் இழுத்து தண்ணிக்குள்ள விடும், அதுதான் எனக்கு பிடிக்காதது. உர தண்ணி 18ல இருந்து 22 டிகிரி வரை இருந்தா நல்லது, 28 தாண்டினா ஆக்சிஜன் குறைஞ்சு வேர் அழுகல் வர வாய்ப்பு ஜாஸ்தி. ஓசூர்ல இருக்கறவங்களுக்கு இந்த கவலை கம்மி, தர்மபுரி டவுன்ல மாடி வீட்டுல இருக்கறவங்களுக்கு இது நிஜமான கவலை.

மூணாவது சுத்தி சுத்தி வர்ற டிரிப், டச் பக்கெட்னு சொல்றாங்க. வரிசையா பக்கெட், உள்ள சுட்ட களிமண் உருண்டையோ பெர்லைட்டோ (பொரி மாதிரி லேசான வெள்ளை கல்லு), மோட்டார் தண்ணிய விடும், செடி குடிச்சது போக மிச்சம் பைப் வழியா திரும்ப டேங்குக்கே வந்துரும். தண்ணி மிச்சம், உரம் மிச்சம்னு விக்கறவங்க சொல்றது உண்மைதான், நல்ல தண்ணி இருந்தா இதுதான் சிக்கனம். நம்ம தண்ணியில நடக்கறது வேற. வெயில் நாள்ல செடி உரத்த விட தண்ணியத்தான் ஜாஸ்தி உறிஞ்சும், டேங்க்ல ஈசி ஏறிக்கிட்டே போகும், குறைஞ்ச தண்ணிக்கு பதிலா மறுபடி அதே போர் தண்ணிய ஊத்துவோம், செடிக்கு வேண்டாத சோடியமும் தேவைக்கு மிஞ்சின சுண்ணாம்பும் ஒவ்வொரு சுத்துக்கும் சேர்ந்துக்கிட்டே வரும், மீட்டர் நல்ல நம்பர் காட்டும் ஆனா அதுல பாதி உரமே கிடையாது. பைகார்பனேட் இருக்கறதால பிஹெச்சும் (தண்ணியோட அமில கார அளவு) தினமும் மேல ஏறும், 5.5ல இருந்து 6.5க்குள்ள நிறுத்தி வைக்க பாஸ்பாரிக் ஆசிட் ஊத்திக்கிட்டே இருக்கணும். புதுசா ஆரம்பிக்கறவங்க தினமும் பிஹெச் பாக்க சோம்பல் படறது இயல்புதான், இந்த செட்டப் அத மன்னிக்காது. வீட்டுக்குள்ள வேற ஒரு கஷ்டம், திரும்பி வர்ற பைப்புக்கு சரிவு வேணும், ஜாயின்ட் ஒண்ணு கசிஞ்சாலும் டைல்ஸ் பூரா உர தண்ணி.

நாலாவது, நான் சொல்ல வர்றது, மிச்ச தண்ணிய திருப்பாம வெளிய விடற டிரிப். தொட்டியிலயோ குரோ பேக்லயோ கோகோபீட் (தேங்கா நார் தூள்), சின்ன மோட்டார், டைமர், அடியில ஒரு தட்டு. ஒவ்வொரு தடவையும் புது உர தண்ணி போகுது, வடியறது திரும்ப டேங்குக்கு வராது. டேங்க்ல உப்பு சேந்து போற வேலையே இல்ல, வடியற தண்ணியோட சேந்து வெளிய போயிரும். வேஸ்ட் ஆகுதேன்னு எல்லாரும் முகம் சுளிக்கறது இங்கதான். கணக்கு போட்டு பாருங்க, ஆறு தொட்டி, ஒரு தடவைக்கு 100 மில்லி, நாளைக்கு நாலு தடவை, மொத்தம் 2.4 லிட்டர். அதுல 15 சதவீதம் வடிஞ்சாலும் 360 மில்லி, ரெண்டு டம்ளர் கூட இல்ல. அந்த ரெண்டு டம்ளர் மாடியில இருக்கற கறிவேப்பிலைக்கு போகட்டும்.

வடியற தண்ணியில மீட்டர் வச்சு பாக்கறதுதான் இந்த முறையில இருக்கற பெரிய வசதின்னு நான் நினைக்கறேன். உள்ள விடறது ஈசி 1.8, வெளிய வர்றது 2னா நல்லா போகுது. வெளிய வர்றது 3 காட்டினா உப்பு தங்குது, ரெண்டு தடவை கூடுதலா விட்டு கழுவி விடுங்கன்னு அர்த்தம். வேர் பக்கம் என்ன நடக்குதுன்னு வேற எந்த செட்டப்பும் இவ்ளோ நேரா சொல்லாது.

கரன்ட் விஷயத்துலயும் மோட்டார் வச்ச மூணுல இதுதான் ஜெயிக்குது. மாசாந்திர பராமரிப்புன்னு காலையில 9 மணிக்கு நிறுத்தினா சாயங்காலம் வரைக்கும் வராத நாள் நமக்கு புதுசில்ல. கோகோபீட் ஈரத்த பிடிச்சு வச்சுக்கும், ஒரு பகல் பொழுத அது தாங்கும். களிமண் உருண்டை சீக்கிரம் காஞ்சிரும், டச் பக்கெட்ல அடியில ரெண்டு இன்ச் தண்ணி நிக்கறதால செடி ஓரளவு தப்பிக்கும். கிராவிட்டிக்கு கரன்ட்டே வேணாம், அந்த ஒரு விஷயத்துல மட்டும் அது எல்லாத்தையும் விட மேல.

கோகோபீட்ட அப்படியே கொட்டிறாதீங்க. அதுல பொட்டாசியமும் சோடியமும் இருக்கும், நீங்க விடற கால்சியம் மெக்னீசியத்த அது பிடிச்சு வச்சுக்கும், செடிக்கு போகாது. நல்லா கழுவிட்டு கால்சியம் நைட்ரேட் கலந்த தண்ணியில ஒரு ராத்திரி ஊற வச்சு பிழிஞ்சு எடுங்க. 5 கிலோ கட்டி ஒண்ணு ஊறினா 60 லிட்டருக்கு மேல வரும், ஆறு தொட்டிக்கு போதும்.

இப்ப கிட்டா, இல்ல நாமளே பொருள் வாங்கி மாட்டறதா. நம்ம ஊர்ல தக்காளிக்கும் சாமந்திக்கும் டிரிப் போடாத காடு கம்மி, அதனால பாலக்கோட்லயும் ராயக்கோட்டையிலயும் காவேரிப்பட்டணத்துலயும் டிரிப் கடைக்கு பஞ்சமே இல்ல. 16 எம்எம் லேட்டரல் (தண்ணி போற முக்கிய டியூப்), மைக்ரோ டியூப் (அதுல இருந்து தொட்டிக்கு போற சின்ன டியூப்), எண்ட் கேப், ஓட்டை போடற பஞ்ச் எல்லாம் மீட்டர் கணக்குலயும் எண்ணிக்கையிலயும் கிடைக்கும், கிட் விலைய விட ரொம்ப கம்மி. ஆனா ஒரு விஷயத்த கவனமா கேளுங்க. கடைக்காரர் நல்லெண்ணத்துல பிரஷர் கூடினாலும் குறைஞ்சாலும் ஒரே அளவு சொட்டற பிரஷர் காம்பன்சேட்டிங் டிரிப்பர் எடுத்து குடுப்பாரு, காட்டுக்கு அதுதான் உசத்தி. அது சரியா வேலை செய்ய அரை கிலோவுல இருந்து ஒரு கிலோ பிரஷர் வேணும். நம்ம வீட்டுல வைக்கற 18 வாட் கூலர் மோட்டார் ரெண்டு மீட்டர் உயரத்துக்குத்தான் தூக்கும், அதாவது 0.2 கிலோ, அந்த டிரிப்பர் பாதி சொட்டும் பாதி சொட்டாது. திருகி கூட்டி குறைக்கற சாதா டிரிப்பர் கேளுங்க, இல்லன்னா டிரிப்பரே இல்லாம 4 எம்எம் மைக்ரோ டியூப்ப எல்லாம் ஒரே நீளத்துக்கு வெட்டி மாட்டுங்க. மாட்டினதும் ஒவ்வொரு டியூப் முனையையும் ஒரு டம்ளர்ல விட்டு ஒரு நிமிஷம் ஓட்டி எதுல எவ்ளோ வருதுன்னு அளந்து பாருங்க.

டைமர்லயும் இதே மாதிரி ஒரு இடறல் இருக்கு. முள்ளு திருகற மெக்கானிக்கல் டைமர்ல குறைஞ்சது 15 நிமிஷம்தான் வைக்க முடியும். உங்க டியூப் நிமிஷத்துக்கு 100 மில்லி விட்டா 15 நிமிஷத்துல ஒன்றரை லிட்டர், தட்டு நிரம்பி ரூம்ல ஓடும். கரன்ட் போனா அந்த டைமரும் அங்கயே நின்னுரும், திரும்ப வரும்போது நேரம் தப்பா ஓடும். ஒரே ஒரு நிமிஷம் மட்டும் கூட வைக்க முடியற, உள்ள பேட்டரி இருக்கற டிஜிட்டல் டைமர்தான் வேணும், காசு மிச்சம் பிடிக்கற இடம் இது இல்ல. டேங்க் எப்பவும் தொட்டிய விட கீழ இருக்கட்டும், மேல வச்சா மோட்டார் நின்ன பிறகும் தண்ணி தானா இழுத்துக்கிட்டு டேங்க் காலியாயிரும். டேங்க்கு வெளிச்சம் புகாத மூடி போட்ட பெயிண்ட் பக்கெட் நல்லா கழுவினது போதும்.

உரத்துக்கு தழை மணி சாம்பல் சம அளவுல இருக்கற 19:19:19 மட்டும் போட்டா போதும்னு காட்டு அனுபவம் உள்ளவங்க சொல்லுவாங்க. அதுல இருக்கற தழைச்சத்துல பாதிக்கு மேல யூரியா, மண்ணு இல்லாத இடத்துல அது மாறி செடிக்கு கிடைக்க லேட் ஆகும், கால்சியமும் அதுல கிடையாது. ஏ, பி னு ரெண்டு பாட்டிலா வர்ற ஹைட்ரோபோனிக் உரம் வாங்குங்க, ரெண்டையும் கெட்டியா ஒண்ணா ஊத்தாம தண்ணியில தனித்தனியா கலக்குங்க, கெட்டியா சேந்தா கால்சியம் வெள்ளையா திரிஞ்சு அடியில தங்கி டியூப்பையும் அடைக்கும். தளி, பாகலூர் பக்கம் பாலிஹவுஸ்ல பூ வைக்கறவங்க டிரிப்லயே உரம் விடறதால ஓசூர் கடைகள்ல கால்சியம் நைட்ரேட் சுலபமா கிடைக்கும்.

வெளிச்சம் பத்தி சுருக்கமா, ஜன்னல் ஓரம் கீரைக்கு ஓரளவு ஒத்து வரும், குடைமிளகாய் காய்க்கணும்னா எல்இடி வேணும், ஒரு நாளைக்கு 14 மணி நேரம் எரியணும்.

எந்த ஊருக்கு எதுன்னா, தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை மாதிரி சூடும் கடின தண்ணியும் உள்ள இடத்துல வெளிய விடற கோகோபீட் டிரிப்தான், அதுலயும் ஒகேனக்கல் தண்ணியோ பிடிச்சு வச்ச மழை தண்ணியோ போர் தண்ணியோட பாதிக்கு பாதி கலந்து விட்டா இன்னும் நல்லது. சாப்பிடற கீரைன்னா போர் தண்ணிய முழுசா ஒதுக்கிருங்க. சாஃப்ட்னர் போட்ட தண்ணி மட்டும் வேணவே வேணாம், அதுல சுண்ணாம்புக்கு பதிலா சோடியம் ஏறியிருக்கும். ஓசூர் அப்பார்ட்மென்ட்ல ஆர்ஓ இருக்கு, குளுமையும் இருக்கு, தினமும் அஞ்சு நிமிஷம் பிஹெச் பாக்க ஆள் இருக்குன்னா டச் பக்கெட் தாராளமா வைக்கலாம், அங்க லெட்டூஸும் நல்லா வரும். தர்மபுரியில லெட்டூஸ கோடையில போட்டா பூத்து கசந்துரும், பாலக்கும் புதினாவும் போடுங்க, பெரிய செடி வேணும்னா குடைமிளகாய். ஆறு தொட்டிக்கு மேல முதல் வருஷம் போகாதீங்க, பத்தோ பதினஞ்சோ வைக்கணும்னா 18 வாட் மோட்டார் பத்தாது, டியூப் நீளம் கூட கூட கடைசி தொட்டிக்கு தண்ணி குறையும், அப்ப மோட்டார், லேட்டரல் எல்லாத்தையும் மாத்த வேண்டி வரும்.