லினக்ஸ் கான்ட்ராக் விமர்சனம்: இன்ஜின் உறுதி, கூட வரும் செட்டிங்தான் பழசு

லினக்ஸ் கர்னலில் பாக்கெட்டுகளைக் கையாளும் பகுதி நெட்ஃபில்டர்; எந்தெந்த இணைப்புகள் ஓடுகின்றன என்று அதில் கணக்கு வைத்திருப்பது கான்ட்ராக். இது கடையில் வாங்கும் சரக்கல்ல. 2001-இல் வெளியான லினக்ஸ் 2.4 காலத்திலிருந்து கர்னலோடு சேர்ந்தே வருகிறது. ஆனால் வீட்டு வைஃபை ரவுட்டரில் தொடங்கி, கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கர், குபர்நெட்டிஸ் வரை பெரும்பாலும் இதன்மேல்தான் நிற்கின்றன. அதனால் காசு கொடுத்து வாங்கிய பொருளைப் போலவே இதையும் தட்டிப் பார்க்கலாம். கர்னலுக்குள் ஓடும் கண்காணிப்பு, லினக்ஸ் ஃபயர்வாலான என்எஃப்டேபிள்ஸில் அதற்கு விதி எழுதும் முறை, அதன் அட்டவணையைப் பார்க்கவும் திருத்தவும் உதவும் கான்ட்ராக்-டூல்ஸ் தொகுப்பு ஆகிய மூன்றையும் சேர்த்தே இங்கே மதிப்பிடுகிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இன்ஜின் அருமை. விதி எழுதும் முறை நன்று. கூட வரும் இயல்பு மதிப்புகளில் சில இன்றைய சுமைக்குப் பொருந்தாது. கான்ட்ராக்-டூல்ஸ் பல டிஸ்ட்ரோக்களில் தானாக நிறுவப்படுவதில்லை. அது இல்லாத ஃபயர்வாலைப் பராமரிப்பது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான்.

வேலை செய்யும் விதம் எளிமையானது. பாக்கெட் உள்ளே வந்ததும், எங்கே அனுப்புவது என்று முடிவாகும் முன்பான ப்ரீரவுட்டிங் கட்டத்தில், -200 என்ற முன்னுரிமையில் (எண் சிறிதானால் முன்னால் ஓடும்) கான்ட்ராக் அதைப் பிடித்துத் தன் அட்டவணையில் தேடுகிறது. பிறகு நியூ (புதியது), எஸ்டாப்ளிஷ்ட் (இருதரப்பும் பேசிவிட்ட இணைப்பு), ரிலேட்டட் (ஓடும் இணைப்போடு தொடர்புடையது), இன்வேலிட் (எதிலும் சேராதது), அன்டிராக்ட் (கண்காணிக்கப்படாதது) என்ற ஐந்தில் ஒரு முத்திரை குத்துகிறது. இணைப்பின் நிலையை நம் விதிகள் அறிவது அந்த முத்திரையை வைத்துத்தான். புதிய கர்னல்களில் இன்னொரு நல்ல பழக்கமும் உண்டு: கான்ட்ராக் தேவைப்படும் விதி ஒன்றாவது இல்லாவிட்டால் கண்காணிப்பு எழுந்திருக்கவே எழுந்திருக்காது. வெறும் சர்வருக்கு வீண் சுமை இல்லை.

விதி எழுதுவதில் என்எஃப்டேபிள்ஸ் பழைய ஐபிடேபிள்ஸைவிடத் தெளிவு. இவற்றில் மூன்று நிலைகளை ஒரே வரியில், 'சிடி ஸ்டேட் விமேப்' என்று தொடங்கி, எஸ்டாப்ளிஷ்ட் என்றால் அக்செப்ட், ரிலேட்டட் என்றால் அக்செப்ட், இன்வேலிட் என்றால் டிராப் என்று எழுதிவிடலாம். உள்ளே வரும் பாக்கெட்டுகளுக்கான விதி வரிசையான இன்புட் செயினின் பாலிசி டிராப், அதாவது எந்த விதியிலும் பொருந்தாதவை கைவிடப்படும். முதல் விதி லூப்பேக்குக்கு (கணினி தன்னோடு தானே பேசுவதற்கு) அனுமதி, இரண்டாவது இந்த வரி, அதற்குப் பிறகுதான் 22, 443 போன்ற போர்ட்களுக்கான நியூ விதிகள். பெரும்பாலான பாக்கெட்டுகள் இரண்டாவது விதியிலேயே முடிந்துவிடுவதால் கீழே எத்தனை விதி இருந்தாலும் வேகம் அவ்வளவாகக் குறையாது. ஓபன்பிஎஸ்டியின் ஃபயர்வாலான பிஎஃப்-இல் அனுமதி விதி எழுதினாலே நிலை நினைவில் வைக்கப்படும். லினக்ஸில் இந்த வரியை நாமேதான் எழுதியாக வேண்டும். யூஎஃப்டபிள்யூ, ஃபயர்வால்டி ஆகிய ஃபயர்வால் கருவிகள் நமக்காக எழுதிக்கொள்கின்றன.

கோப்பு அனுப்பும் எஃப்டிபி தனியாகத் திறக்கும் இரண்டாம் இணைப்பு ரிலேட்டட்டில் வரும். "எங்களிடம் எஃப்டிபி இல்லையே, ரிலேட்டட் எதற்கு?" என்று அதை வெட்டிவிடுகிறவர்கள் உண்டு. வெட்டக் கூடாது. இணைப்பு ஒன்றுக்காகத் திரும்பி வரும் ஐசிஎம்பி பிழைச் செய்திகள் ரிலேட்டட் முத்திரையோடுதான் வருகின்றன. 'பாக்கெட் பெரிது, துண்டாக்கு' என்ற செய்தி தடுக்கப்பட்டால் எஸ்எஸ்எச் லாகின் ஆகும், சின்னக் கட்டளைகள் ஓடும், நீளமான வெளியீடு வரும்போது அப்படியே உறைந்து நிற்கும். விபிஎன், பிராட்பேண்டில் வரும் பிபிபிஓஇ இணைப்புகளில் இது அடிக்கடி தலைகாட்டும். காரணம் ஃபயர்வால் என்று யாருக்கும் முதலில் தோன்றாது.

இன்வேலிட் டிராப் வரியும் அழகுக்காக அல்ல. இன்வேலிட் பாக்கெட்டுக்கு நாட் (NAT) என்ற முகவரி மாற்றம் நடக்காது. உள் முகவரி அப்படியே வெளியே கசியும். அல்லது திரும்பி வரும் பாக்கெட் தவறான முகவரியோடு கிளையன்ட்டிடம் போய்ச் சேர்ந்து, அது இணைப்பை முறிக்கும் ரீசெட் அனுப்பி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த இணைப்பையே கொன்றுவிடும். குபர்நெட்டிஸில் காரணமே தெரியாமல் 'கனெக்‌ஷன் ரீசெட்' வந்துகொண்டிருந்த வழக்குகளில் இதுவும் ஒன்று. ஒரே ஒரு விதிவிலக்கு: போகும் வழியும் வரும் வழியும் வேறுவேறாக இருக்கும் நெட்வொர்க்கில் ஃபயர்வால் பாதி உரையாடலைத்தான் பார்க்கும், அங்கே நியாயமான பாக்கெட்டுகளும் இன்வேலிட் ஆகும். 'டிசிபி_பி_லிபரல்' என்ற செட்டிங்கை 1 ஆக்கினால் பாக்கெட்டின் வரிசை எண் எதிர்பார்த்த வரம்புக்குள் உள்ளதா என்ற விண்டோ சோதனை தளரும். ஆனால் அது வலி மாத்திரை. ரவுட்டிங்கைச் சரிசெய்வதே வைத்தியம்.

நியூ என்றால் டிசிபி இணைப்பைத் தொடங்கும் சின் பாக்கெட் என்று நினைப்பது இன்னொரு பரவலான தவறு. 'டிசிபி_லூஸ்' என்ற செட்டிங் இயல்பாகவே 1. ஏற்கெனவே நடுவழியில் இருக்கும் இணைப்பின் ஆக் (பெற்றதை உறுதிசெய்யும்) பாக்கெட் வந்தாலும் கான்ட்ராக் அதை நியூ என்று ஏற்றுக்கொள்ளும். ஃபயர்வாலை ரீபூட் செய்தாலும் ஓடும் இணைப்புகள் பிழைப்பது இதனால்தான், ஆக குறை சொல்லவும் முடியாது. கண்டிப்பு வேண்டுமென்றால், நிலை நியூவாக இருந்து சின் கொடி மட்டும் தனியாக இல்லாத டிசிபி பாக்கெட்டுகளை டிராப் செய்ய ஒரு விதி போதும்.

ஐபிவி6-இல் எஸ்டாப்ளிஷ்ட், ரிலேட்டட் வரியை மட்டும் நம்பி உட்கார்ந்தால் நெட்வொர்க்கே படுத்துவிடும். அண்டைக் கணினியைத் தேடும் நெய்பர் சொலிசிடேஷன், நெய்பர் அட்வர்டைஸ்மென்ட், ரவுட்டர் அட்வர்டைஸ்மென்ட் ஆகியவை அந்த முத்திரைகளுக்குள் வருவதில்லை. ஐசிஎம்பிவி6 விதி தனியாக வேண்டும்.

அளவும் நேரமும்

இந்தப் பொருளுக்கு மதிப்பெண் குறைவது இங்கேதான். நிலைபெற்ற டிசிபி இணைப்புக்கு இயல்பு டைம்அவுட் 4,32,000 விநாடி. அதாவது 5 நாள்! பிஎஃப்-இல் இது 1 நாள்தான். வைஃபை துண்டாகி, இணைப்பை முடிக்கும் ஃபின் அனுப்பாமல் செத்துப்போன போன்களின் பதிவுகளெல்லாம் 5 நாள் அட்டவணையில் இடம் பிடித்துக் கிடக்கும். 7,440 விநாடிக்குக் குறையாமல் வைத்துக்கொண்டு இறக்கலாம். நாட் கருவிகளுக்கான இணைய நெறி ஆவணமான ஆர்எஃப்சி 5382 சொல்லும் 2 மணி 4 நிமிடம் அதுவே. லினக்ஸின் டிசிபி கீப்அலைவ் 7,200 விநாடிக்கு ஒருமுறைதான் கதவைத் தட்டும் என்பதால் அதற்குக் கீழே போனால் சும்மா கிடக்கும் டேட்டாபேஸ் இணைப்புகள் மௌனமாக அறுந்துபோகும். ஒரு எச்சரிக்கை: மதிப்பை இறக்கிய நொடியே பழைய பதிவுகள் சுருங்குவதில்லை. அந்த இணைப்பில் அடுத்த பாக்கெட் வரும்போதுதான் புதிய நேரம் ஏறும். செத்த இணைப்பில் பாக்கெட் வரப்போவதில்லை, ஆகவே அவற்றைக் கையால் நீக்க வேண்டும்.

நினைவகம் போதுமான 64-பிட் கணினியில் அட்டவணையின் உச்ச அளவு பெரும்பாலும் 2,62,144 பதிவுகள். அலுவலக ரவுட்டருக்கு இது தாராளம். டிஎன்எஸ் சர்வருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: யூடிபி பதிவு 30 விநாடி உயிரோடு இருக்கும், விநாடிக்கு 5,000 கேள்வி வந்தால் 1,50,000 பதிவு எப்போதும் இருக்கும். அந்த சர்வரே வெளியே கேட்கும் கேள்விகளையும் சேர்த்தால் விளிம்புக்கு வந்துவிடும். நிரம்பினால் கர்னல் லாகில் 'டேபிள் ஃபுல், டிராப்பிங் பாக்கெட்' என்று வரும். அப்போது பழைய இணைப்புகள் நன்றாக ஓடும், புதியவை மட்டும் நுழையாது. அட்மினின் எஸ்எஸ்எச் ஏற்கெனவே திறந்திருப்பதால் "எனக்கு வேலை செய்கிறதே" என்பார். வாடிக்கையாளர் வெளியே நிற்பார்.

உச்ச அளவை உயர்த்துவது கடினமல்ல. ஒரு பதிவுக்குத் தோராயமாக 300 பைட். 10 லட்சம் பதிவுக்கு 300 எம்பி சொச்சம்; இன்றைய சர்வருக்கு அது பொருட்டே இல்லை. ஆனால் மேக்ஸை (உச்ச அளவை) மட்டும் ஏற்றிவிட்டு, பதிவுகளைப் பிரித்து வைக்கும் பக்கெட்டுகளின் எண்ணிக்கையை அப்படியே விட்டால் ஒவ்வொரு பக்கெட்டிலும் சங்கிலி நீண்டு தேடல் மெதுவாகும். ஒவ்வொரு இணைப்பும் போகும் திசை, வரும் திசை என்று இரண்டு முறை அட்டவணையில் ஏறுவதையும் மறக்க வேண்டாம். பக்கெட்டையும் மேக்ஸையும் சமமாக வைப்பது பாதுகாப்பான தொடக்கம்.

எரிச்சலூட்டும் குறை ஒன்று: கர்னல் செட்டிங்குகளை எழுதிவைக்கும் சிஸ்கன்ட்ரோல் (sysctl) கோப்பில் மேக்ஸை எழுதி வைத்தும் ரீபூட்டுக்குப் பிறகு பழைய எண்ணே நிற்பது. பூட் ஆகும்போது சிஸ்கன்ட்ரோல் முதலில் ஓடுகிறது. கான்ட்ராக் மாட்யூலோ விதிகள் ஏறும்போதுதான் வருகிறது. இல்லாத செட்டிங்கை யார் மாற்றுவது? மாட்யூல்ஸ்-லோட்.டி கோப்புறையில் மாட்யூலின் பெயரை ஒரே வரியாக எழுதிய கோப்பு வைத்தால் சரியாகிவிடும்.

டிஎன்எஸ் போன்ற சுமைக்கு அளவை ஏற்றுவதைவிடக் கண்காணிப்பையே விலக்குவது மேல். -300 முன்னுரிமையில், அதாவது கான்ட்ராக்குக்கு முன்னால், 'கண்காணிக்காதே' என்னும் நோடிராக் விதி. உள்ளே வரும்போது போர்ட் 53-ஐ இலக்காகக் கொண்ட பாக்கெட்டுக்கு ஒன்று, அவுட்புட்டில் 53-இலிருந்து புறப்படும் பதிலுக்கு ஒன்று. இரண்டாவதை விட்டால் பதில் பாக்கெட்டே புதுப் பதிவை உருவாக்கி, செய்த வேலையெல்லாம் வீணாகும். விலக்கிய பாக்கெட்டுக்கு எஸ்டாப்ளிஷ்ட் விதி பொருந்தாது, நாட் (NAT) மாற்றமும் கிடைக்காது. ஃபில்டரில் நேரடியாக அனுமதி எழுத வேண்டும்.

கான்ட்ராக்-டூல்ஸ்

கான்ட்ராக் கட்டளைக்கு எல் (-L) விருப்பம் பட்டியல் தரும், இ (-E) நிகழ்வுகளை உடனுக்குடன் ஓடவிடும், டி (-D) நீக்கும், எஸ் (-S) புள்ளிவிவரம் காட்டும். எல்லாமே பெரிய எழுத்து. ஒரு பதிவில் அன்ரிப்ளைட் என்று இருந்தால் பதில் பாக்கெட் வரவில்லை. அஷ்யூர்ட் என்று இருந்தால் அட்டவணை நிரம்பும்போதும் அது முன்கூட்டி வெளியேற்றப்படாது. நாட் சரியாக விழுந்ததா என்று பார்க்க, பதிவின் இரண்டாம் பாதியில் உள்ள முகவரியைப் பார்த்தால் போதும். பாக்கெட் பிடித்து அலச வேண்டியதில்லை.

இந்தக் கருவியின் உண்மையான மதிப்பு டி விருப்பத்தில் இருக்கிறது. அனுமதி விதியை எடுத்துவிட்டாலும் அதன்வழி ஏற்கெனவே நுழைந்தவர் எஸ்டாப்ளிஷ்ட் வரியில் தொடர்ந்து பயணிப்பார். ஒருவரைத் தடுக்க வேண்டுமானால் விதியும் வேண்டும், அவர் முகவரிக்கான பதிவை நீக்குவதும் வேண்டும். நாட் செயினை ஒவ்வோர் இணைப்பின் முதல் பாக்கெட் மட்டுமே தொடுகிறது. ஐபி போன் 5060 போர்ட்டில் சில விநாடிக்கு ஒருமுறை கீப்அலைவ் அனுப்பிக்கொண்டே இருந்தால், நாட் விதி ஏறுவதற்கு முன்பு உருவான பழைய பதிவு சாகவே சாகாது. விதி சரி, போன் சரி, அழைப்பு மட்டும் வராது. அந்த ஒரு பதிவை நீக்கினால் அடுத்த கீப்அலைவிலேயே சரியாகும்.

எஸ் விருப்பத்தில் கவனிக்க வேண்டியவை இன்சர்ட்_ஃபெயில்ட், டிராப், எர்லி_டிராப். முதலாவது ஏறிக்கொண்டே போய், டிஎன்எஸ் பதில் சரியாக 5 விநாடி தாமதமானால், ஒரே சாக்கெட்டிலிருந்து ஏ (ஐபிவி4 முகவரி), குவாட்-ஏ (ஐபிவி6 முகவரி) கேள்விகள் ஒன்றாகக் கிளம்பி அட்டவணையில் மோதுகின்றன என்று பொருள். புதிய கர்னல்கள் இந்த மோதலைப் பெரும்பாலும் தாமே தீர்க்கின்றன. பழையவற்றில் ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் 'சிங்கிள்-ரிக்வெஸ்ட்-ரீஓப்பன்' சேர்ப்பது வழக்கம்.

எஃப்டிபி போன்றவற்றின் உரையாடலைப் படித்து அவற்றின் இரண்டாம் இணைப்பை அடையாளம் காணும் ஹெல்ப்பர்கள் முன்பு தாமாக ஒட்டிக்கொள்ளும். கர்னல் 4.7-இல் அது இயல்பாக நிறுத்தப்பட்டு, 6.0-இல் அந்தச் செட்டிங்கே நீக்கப்பட்டது. நல்ல முடிவு. இப்போது ஹெல்ப்பர் பொருளை உருவாக்கி, போர்ட் 21-க்கு விதியால் ஒட்ட வேண்டும். கான்ட்ராக் தொட்ட பிறகு வரும் செயினில் ஒட்ட வேண்டும், நோடிராக் எழுதும் -300 செயினில் ஒட்டினால் பிடிக்காது. டிஎல்எஸ் குறியாக்கம் சுற்றிய எஃப்டிபியில் ஹெல்ப்பரால் உள்ளே படிக்க முடியாது. அங்கே சர்வர் இரண்டாம் இணைப்புக்குப் பயன்படுத்தும் பேசிவ் போர்ட் வரம்பைத் திறப்பதே வழி.

ஒரு முகவரிக்கு இத்தனை இணைப்புதான் என்று கட்டுப்படுத்தும் 'சிடி கவுன்ட்' வசதியும் நன்றாக வேலை செய்கிறது. 20 என்று வைக்கும் முன், மொபைல் நிறுவனங்களின் நாட் (NAT) பெட்டிக்குப் பின்னால் ஒரே முகவரியில் எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கர்னல் 4.16 முதல் உள்ள ஃப்ளோடேபிள், நிலைபெற்ற இணைப்புகளைக் குறுக்குவழியில் அனுப்பி ரவுட்டரின் சிபியூவைக் காப்பாற்றும். அந்தப் பாக்கெட்டுகள் ஃபார்வர்ட் செயினுக்கு வரவே வராது என்பதால் அங்கே வைத்த கவுன்ட்டர்கள் குறைவாகக் காட்டும்.

யாருக்கு ஏற்றது? நாட் செய்யும் பெரும்பாலான பெட்டிகளுக்கு வேறு வழியில்லை, இருக்கவும் வேண்டாம். டிஎன்எஸ் சர்வர், சுமை மிகுந்த லோடு பேலன்சர் வைத்திருப்பவர்கள் அந்தப் போர்ட்களை நோடிராக்கில் தள்ளிவிட்டு மற்றதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். இரண்டு ஃபயர்வால்களை ஜோடியாக ஓட்டுபவர்கள் கான்ட்ராக்-டூல்ஸிலேயே உள்ள கான்ட்ராக்டி மூலம் அட்டவணையை மற்றதற்குப் பகிரலாம். அதன் எஃப்டிஎஃப்டபிள்யூ (FTFW) என்ற பகிர்வு முறையும் தனிக் கேபிளும் போதும். ஆனால் முதன்மைப் பெட்டி விழும்போது, பெற்றுவைத்த பதிவுகளைக் கர்னலில் ஏற்றும் கட்டளையை, பொறுப்பை மற்ற பெட்டிக்கு மாற்றும் கீப்அலைவ்டியின் ஸ்கிரிப்டில் இணைத்திருக்கிறதா என்று பாருங்கள். இணைக்காவிட்டால் பகிர்ந்த பதிவுகள் கான்ட்ராக்டியின் நினைவிலேயே கிடக்கும், கர்னலுக்குப் போய்ச் சேராது.