நைரோபியில் பேமென்ட் கேட்வே எடுக்கிறீர்களா? பேபில் யார் பெயரில் என்று முதலில் கேளுங்கள்

கென்யாவில் ஆன்லைனில் எதையாவது விற்கப் போகிறவர்களிடம் ஒரு பேமென்ட் கேட்வே கம்பெனிக்காரர் (வாடிக்கையாளரிடம் பணம் வாங்கி நம்மிடம் சேர்ப்பவர்) வந்து "டாக்குமென்ட் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், நாளைக்கே பணம் வாங்க ஆரம்பிச்சிடலாம்" என்று சொன்னால், அங்கேயே நிறுத்தி, வாடிக்கையாளர் கட்டும் பணம் முதலில் யார் பெயரில் விழும், அதாவது பணம் வாங்கும் பேபில் எண் யாருடையது என்று கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் எழுந்து போய்விடுங்கள். எங்களை மாட்டிவிட்ட கம்பெனியின் பெயரை இங்கே போடவில்லை, வக்கீல் வேண்டாம் என்கிறார்.

நானும் உள்ளூர்க்காரரான என் பார்ட்னரும் கேசிஎஸ்இ என்ற பள்ளி இறுதித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு மாதக் கட்டணத்தில் ஆன்லைன் டியூஷன் நடத்துகிறோம். இங்கே கார்டு நம்பரை எல்லாம் எந்தப் பெற்றோரும் தட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். 2007ல் சஃபாரிகாம் என்ற மொபைல் கம்பெனி போன் வழியாகப் பணம் அனுப்பும் எம்-பெசாவைக் கொண்டுவந்ததிலிருந்து காய்கறி, பஸ், வாடகை, ஸ்கூல் ஃபீஸ் எல்லாமே போனில்தான். அதனால் எம்-பெசா இல்லாமல் கடை திறக்க முடியாது. சொந்தமாக பேபில் நம்பர் (எம்-பெசாவில் கம்பெனிகள் பணம் வாங்கும் எண்) வாங்க கம்பெனிப் பதிவு, கேஆர்ஏ பின் என்கிற வரி எண், இயக்குநர்கள் பட்டியலைக் காட்டும் சிஆர்12 என்று வரிசையாகக் கேட்பார்கள், கொஞ்சம் அலைச்சல்தான். இந்த அலைச்சலைக் காட்டித்தான் அந்த பேமென்ட் கம்பெனிக்காரர்கள் ஆள் பிடிக்கிறார்கள்: "எங்க பேபிலையே யூஸ் பண்ணுங்க, அக்கவுண்ட் நம்பர்ல உங்க கோட் இருக்கும், மறுநாள் உங்க பேங்குக்கு வந்துடும்." கமிஷன் 3.5 சதவீதம். எம்-பெசாவில் நேரடியாக ஒரு டில் நம்பர் (கடைக்காரர்கள் பணம் வாங்கும் எண்) எடுத்திருந்தால் 200 ஷில்லிங்குக்கு மேற்பட்ட தொகைக்கு 0.55 சதவீதம்தான் போயிருக்கும் என்பதை அவர்கள் வாயே திறக்கவில்லை.

முதலில் ஒழுங்காகத்தான் வந்தது. பரீட்சை நெருங்கி கூட்டம் ஏறியதும் செட்டில்மென்ட், அதாவது வசூலான பணத்தை எங்கள் வங்கிக்கு அனுப்புவது, நின்றது. கேட்டால் "கம்ப்ளையன்ஸ் ரிவ்யூ", விதிப்படி எல்லாம் சரியா என்று பார்க்கிறார்களாம். ஏற்கெனவே கொடுத்த சிஆர்12ஐயே திரும்பக் கேட்டார்கள், கொடுத்தோம், பிறகு இயக்குநர்களின் அடையாள அட்டை, பிறகு வங்கிக் கடிதம். எங்கள் அக்கவுண்ட் மேனேஜர் வேலையை விட்டுவிட்டாராம், அவருடைய வாட்ஸ்அப் எண்ணை வேறு யாரோ வைத்துக்கொண்டு "செக் செய்கிறோம் சார்" என்று மட்டும் அனுப்புவார். ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்க பார்ட்னர் வங்கியில் ஓவர்டிராஃப்ட் எடுத்தார். கடைசியில் பாதி வந்தபோது அதிலும் பத்து சதவீதத்தை "ரிசர்வ்" என்று பிடித்துக்கொண்டார்கள், ஒப்பந்தத்தில் அதற்கு ஒரு பிரிவு இருக்கிறதாம், எவ்வளவு காலத்துக்கு என்று மட்டும் அந்தப் பிரிவில் இல்லை.

பணத்தைவிட எரிச்சல் மூட்டியது பெற்றோர்கள் விஷயம். எஸ்டிகே புஷ் (பணம் கட்டச் சொல்லி பெற்றோர் போனுக்கு அனுப்பும் கோரிக்கை) போனதும் போனில் "இன்னாருக்கு 500 ஷில்லிங் கட்டவா" என்று வரும், அந்த இன்னார் நாங்கள் இல்லை, அவர்கள். ரகசிய எண்ணைப் போட்டுக் கட்டிய பிறகு அவர்கள் சர்வர் எங்களுக்குத் தகவல் அனுப்பினால்தானே பாடம் திறக்கும்? அது மணிக்கணக்கில் வராது. கேள்விப்படாத பெயருக்குப் பணம் போயிருக்கிறது, பாடமும் திறக்கவில்லை, அந்த அம்மா என்ன நினைப்பார்? திருப்பித் தரலாம் என்றால் பேபில்காரர் ஒப்புக்கொண்டால்தான் ரிவர்சல், அதாவது பணத்தைத் திருப்பி அனுப்புவது, நடக்கும், அதாவது அதற்கும் அவர்களிடமேதான் கெஞ்ச வேண்டும். கடைசியில் கைக்காசிலிருந்து திருப்பிக் கொடுத்தோம்.

பிறகு பார்ட்னர் கென்ய மத்திய வங்கியின் பட்டியலை எடுத்துப் பார்த்தார். 2011ன் தேசியப் பணப்பட்டுவாடாச் சட்டப்படி பேமென்ட் சேவை நடத்த அந்த வங்கியின் அனுமதி வேண்டும், அனுமதி பெற்றவர்களின் பெயர்களை மத்திய வங்கியே வெளியிடுகிறது. இந்தக் கம்பெனி அதில் இல்லை. உரிமம் உள்ள இன்னொரு கம்பெனியின் பேபிலை வாங்கி, அதை எங்களுக்கு உள்வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். அந்த இன்னொரு கம்பெனியோ "உங்களோடு எங்களுக்கு ஒப்பந்தமே இல்லையே" என்று கையை விரித்துவிட்டது.

நைஜீரியா பக்கம் போகிறவர்களும் இதே கேள்வியைக் கேளுங்கள், அங்கே கார்டும் வங்கி டிரான்ஸ்ஃபரும் அதிகம், பட்டியல் அந்த நாட்டு மத்திய வங்கியிடம் இருக்கும். அங்கே செட்டில்மென்ட் தாமதம் என்பது வெறும் தாமதமும் இல்லை. 2023 ஜூனில் அந்த நாட்டு நாணயமான நைராவின் மதிப்பைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று அவிழ்த்துவிட்டபோது டாலருக்கு 470 பக்கம் இருந்தது அந்த மாதக் கடைசிக்குள் 750 பக்கம் போனது. டாலரில் சர்வர் வாடகை கட்ட வேண்டிய ஒருவருக்கு அந்த நேரம் நைரா முடங்கிக் கிடந்திருந்தால் கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது எங்களுக்குச் சொந்த பேபில் இருக்கிறது, டாரஜா என்ற சஃபாரிகாமின் இணைப்பு வசதி வழியாக எங்கள் சர்வரை நேரடியாக எம்-பெசாவோடு இணைத்துவிட்டோம், பணம் கட்டிய தகவல் வராவிட்டால் நாமே கேட்டுத் தெரிந்துகொள்ளும் வசதியும் அதில் உண்டு. பிடித்து வைத்த பத்து சதவீதம் வரவில்லை, வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது. நோட்டீஸ் கிடைத்த கையோடு டாஷ்போர்டு லாகினை மூடிவிட்டார்கள், அதனால் எங்கள் கணக்கை நிரூபிக்க ஒவ்வொரு பெற்றோரிடமும் எம்-பெசா எஸ்எம்எஸ்ஸை அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இப்போது இப்படி ஒரு கம்பெனியில் இருப்பவர்கள் சண்டை ஆரம்பிப்பதற்கு முன்பே செட்டில்மென்ட் ரிப்போர்ட் மொத்தத்தையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.