உப்புவெளி வீட்டுக்கு வைஃபை பூட்ட வந்த தம்பி

போன ஐப்பசி இடிமழையில் என்ர பழைய ரவுட்டர் கருகிப்போச்சு. திருகோணமலை உப்புவெளியில் நாலு அறையை வாடகைக்கு விட்டுக்கொண்டு வைஃபை இல்லாமல் இருக்கேலாது. என்.சி. வீதியில் ஒரு சின்னக் கடையில் சொல்ல, அடுத்த நாள் ஒரு தம்பியை அனுப்பினார்கள்.

சொன்ன நேரம் ஒன்பது, வந்தது பதினொன்றரை. ஆனால் வந்தவர் புதுப் பெட்டியைத் தொடவேயில்லை. முதலில், கரண்ட் ஒழுகினால் தானே வெட்டுகிற ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பட்டனை அமத்தினார், டக்கென்று விழுந்தது. பிறகு மெயினை நிப்பாட்டிப் பிளக் பேஸைக் கழற்றினார். எர்த் வயர் உப்புக்காற்றில் பச்சை பிடித்து, தொட்டதும் கையோடு வந்தது! அதை மாற்றிய பிறகுதான் மற்ற வேலை.

ரவுட்டர் இருந்த மல்ட்டி பிளக்கிலேயே கேத்திலையும் சொருகியிருந்தேன். 2000 வாட் கேத்தில் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 அம்பியர் இழுக்குமாம். பேச்சு வாங்கினேன்.

"அக்கா, இன்டர்நெட் கொண்டுவாற கண்ணாடியிழை ஃபைபரால மின்னல் வராது, அடப்டரால வரும். இடி முழங்க முதலே பிளக்கைக் கழற்றுங்கோ, சுவிட்சை மட்டும் நிப்பாட்டினாப் போதாது. வெளிக் கமரா வயரையும் ரவுட்டரில இருந்து எடுத்துவிடுங்கோ. முழங்கத் தொடங்கினா ஒண்டையும் தொடாதேங்கோ."

கூலி 6,500 ரூபாய், எர்த் வேலையும் சேர்த்து. சுவர்த்தூளை நான்தான் கூட்டினேன். ரவுட்டருக்கு மேல் நான் விரித்த லேஸ் துணியை, சூடு போகாது என்று எடுத்து மடித்து என்ர கையிலேயே தந்துவிட்டுப் போனார்.